உயிரியல் துறையின் ஆய்வகங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முதுகலைச் சேர்க்கைக் காலம் நெருங்கும்போதெல்லாம் உயிரியல் துறைகளைப் பற்றிய கடிதங்கள் இப்பகுதிக்குக் கூடுதலாக வருகின்றன. இம்முறை வந்தவற்றில் ஆய்வகங்களைப் பற்றிய ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் பல ஆண்டுகள் செய்முறை வகுப்பு நடத்தியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இளங்கலை விலங்கியல் முடிக்கப் போகிறேன். முதுகலைக்காக மூன்று பல்கலைக்கழகத் துறைகளை மனத்தில் வைத்திருக்கிறேன். மூன்றின் விவரக் குறிப்பேடுகளிலும் கருவிகளின் பட்டியல் பக்கம் பக்கமாக இருக்கிறது. எதை வைத்து நான் முடிவு செய்வது? (மாணவி, விருதுநகர்)

பதில்: பட்டியலைப் பார்த்து வீட்டிலிருந்தபடியே முடிவு செய்துவிடாதீர்கள். துறைத்தலைவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, செய்முறை வகுப்பு நடக்கும் ஒரு பிற்பகலில் நேரில் போய்ப் பாருங்கள். ஒரு கருவி பட்டியலில் இருக்கிறதென்றால் அது எப்போதோ வாங்கப்பட்டது என்று மட்டுமே பொருள். அது இன்றைக்கு ஓடுகிறதா, ஓடினால் யார் கை அதன்மேல் படுகிறது என்பதெல்லாம் ஆய்வகத்துக்குள் நுழைந்தால்தான் தெரியும்.

உள்ளே போனதும் கருவிகளின் அருகில் வைக்கப்பட்டிருக்கும் பயன்பாட்டுப் பதிவேட்டைத் தேடுங்கள். நாள், நேரம், பயன்படுத்தியவரின் பெயர், அவர் கண்ட கோளாறு ஆகியவற்றைக் குறித்து வைக்கும் சாதாரண நோட்டுப் புத்தகம்தான் அது. ஆனால் ஒரு துறையின் உண்மை நிலையை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. கடைசிப் பதிவு சென்ற வாரத்தியதா, சென்ற ஆண்டினதா என்று பாருங்கள். அதில் முதுகலை மாணவர்களின் பெயர்கள் இருக்கின்றனவா, முனைவர் பட்ட ஆய்வாளர்களின் பெயர்கள் மட்டுமே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மாணவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகும் கருவி அந்தத் துறையின் ஆராய்ச்சி வசதியாக இருக்கலாம்; அதைக் கற்பித்தல் வசதி என்று சொல்ல இயலாது.

அடுத்து, விலை குறைந்த கருவிகளின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் கருவி ஒரு துறைக்கு ஒன்றிரண்டு இருந்தால் போதும், ஏனெனில் பொதுவாக ஒரே சுற்றில் 96 குழாய்களை அதில் வைக்கலாம்; டிஎன்ஏ இழைகளைப் பிரிக்க 95 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குவதும், தொடக்க இழைகள் ஒட்டிக்கொள்ளும்படி வெப்பத்தைக் குறைப்பதும், புதிய இழை வளர 72 டிகிரியில் நிறுத்துவதும் அந்தக் கருவியே தானாகச் செய்யும் வேலைகள். மாணவர் கற்றுக்கொள்ள வேண்டிய கைத்திறன் அதற்கு முந்தைய கட்டத்தில், மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்து எடுக்கும் மைக்ரோபிப்பெட்டில் இருக்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் என்பது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அழுத்துவிசையின் முதல் நிறுத்தம் எங்கே, இரண்டாம் நிறுத்தம் எங்கே என்று கட்டைவிரலுக்குத் தானாகவே தெரியவேண்டும், அதற்கு நூற்றுக்கணக்கான முறை பழகவேண்டும். ஆளுக்கு ஒன்றாகவோ இருவருக்கு ஒன்றாகவோ மைக்ரோபிப்பெட் இருக்கும் துறையில் படித்தவர், பதினைந்து பேருக்கு ஒன்று என்று சுற்றுக்கு விடும் துறையில் படித்தவரைவிட எங்கே போனாலும் நம்பிக்கையோடு வேலை செய்வார்.

நீராவியால் கிருமி நீக்கும் பாத்திரமான ஆட்டோகிளேவ் ஓடுகிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரி செல்சியஸ் நீராவியில், 15 நிமிடம் வைத்து எடுக்காத வளர்ப்பு ஊடகத்தில் நாம் விதைக்காத கிருமிகளெல்லாம் முளைத்துவிடும். நுண்ணுயிரியல், திசு வளர்ப்பு, மூலக்கூறு உயிரியல் மூன்றும் அந்த ஒரு பாத்திரத்தை நம்பியே நடக்கின்றன. அதேபோல, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் இருக்கும் அறைக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்று கேளுங்கள். இரவு மின்சாரம் போனால் யாருக்குத் தகவல் போகும் என்பதற்கும் பதில் இருக்கவேண்டும். ஐந்தாண்டு உழைப்பில் சேர்த்த மாதிரிகள் ஒரு நீண்ட மின்தடையில் உருகிப்போனதைக் கண்டு கலங்கி நின்ற ஆய்வு மாணவர்களை நான் அறிவேன்.

கடைசியாக, ஆய்வக உதவியாளர் இருக்கிறாரா என்று பாருங்கள். கருவி வாங்க நிதி தரும் திட்டங்கள் பல உண்டு. மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறை 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஃபிஸ்ட் திட்டமும், பல்கலைக்கழக மானியக் குழு 1963 முதல் நடத்திய சிறப்பு உதவித் திட்டமும் தமிழகத் துறைகள் பலவற்றை நிமிர வைத்தவை. ஆனால் வாங்கிய கருவியைத் துடைத்து, பழுதை முதலில் கண்டு, பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் தேதியை நினைவில் வைத்திருக்கும் மனிதரின் பணியிடம் காலியானால் பல இடங்களில் அது நிரப்பப்படுவதில்லை. அப்படிப்பட்ட ஒரு பணியிடம் காலியான ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரு நல்ல ஆய்வகம் எப்படிப் பாழாகும் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அங்கே இரண்டாம் ஆண்டு படிப்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்: 'உங்கள் ஆய்வேட்டுக்கான வேலையைத் துறையிலேயே செய்கிறீர்களா, வெளியே தனியார் ஆய்வகத்துக்குப் பணம் கட்டிச் செய்கிறீர்களா?' பெரும்பாலோர் வெளியே போகிறார்கள் என்றால், பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்தத் துறையைப் பற்றி மறுபடி யோசியுங்கள்.

கேள்வி: என் மகன் படிக்கும் விலங்கியல் துறையில் தவளையை அறுத்துப் பார்ப்பதே இல்லையாம். கணினியில் படம் காட்டுகிறார்களாம். படிப்பின் தரம் குறைந்துவிட்டது என்றுதானே இதற்குப் பொருள்? (தந்தை, ஈரோடு)

பதில்: உங்கள் கவலை புரிகிறது, ஆனால் அந்த முடிவோடு நான் உடன்படவில்லை. பாடத்துக்காக விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2014இல் இளங்கலை, முதுகலை இரண்டிலும் அதை நிறுத்துமாறு அறிவுறுத்தியது. ஆகவே உங்கள் மகனின் துறை விதிப்படி நடந்துகொள்கிறது. ஒரு காலத்தில் வகுப்புக்கு வகுப்பு வயலிலிருந்து தவளைகளைச் சாக்கில் பிடித்து வந்தோம். வயலில் பூச்சிகளைத் தின்னும் அவற்றின் எண்ணிக்கை குறைவதைப் பற்றி அன்று நாங்கள் போதுமான அளவு சிந்திக்கவில்லை. தவளைக்கால் ஏற்றுமதியை அரசு 1987இல் தடை செய்ததற்கும் இதே கவலை ஒரு காரணம்.

ஆனால் அறுவையை நிறுத்திய இடத்தில் எதை வைத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கணினிப் படம் ஒன்றே மாற்று என்றால் அது போதாது. உயிருள்ள விலங்கைப் பார்த்துப் பழகும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைத்தாக வேண்டும். இதற்கு மிக மலிவான வழி பழ ஈ வளர்க்கும் அறை. ரவை, வெல்லம், அகார் மூன்றையும் தண்ணீரில் காய்ச்சி, பூசணம் பிடிக்காமலிருக்கச் சிறிது புரோப்பியானிக் அமிலம் சேர்த்துக் கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றினால் ஈக்கு உணவு தயார். 25 டிகிரியில் முட்டையிலிருந்து முழு ஈ வெளிவரப் பத்து நாள் போதும் என்பதால், மெண்டலின் விகிதங்களை மாணவர் ஒரே பருவத்துக்குள் தம் கையாலேயே எண்ணிக் கண்டுவிடலாம். அதன் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுக்கும் பெரிய குரோமோசோம்களைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே வரிவரியாகக் காணலாம். விதவிதமான ஈ வகைகளைப் பேணுவதற்கென்றே மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் இயங்குகிறது.

வரிக்குதிரை மீன் தொட்டி வைத்திருக்கும் துறை என்றால் இன்னும் நல்லது. அதன் முட்டை தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடி போல ஒளி ஊடுருவும்படி வளர்வதால், கருவுற்ற ஏறத்தாழ ஒரு நாளில் இதயம் துடிக்கத் தொடங்குவதை உயிருக்கு ஊறில்லாமல் பார்க்கலாம். அறுத்த தவளையில் நாங்கள் கண்டது முடிந்துபோன உடலமைப்பு. இங்கே மாணவர் காண்பது ஓர் உடல் உருவாகிக்கொண்டிருப்பதை. ஆராய்ச்சிக்காக எலி, முயல் போன்றவற்றை வைத்திருக்கும் விலங்குக் கூடம் வேறு வகையைச் சேர்ந்தது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியக் குழுவிடம் அது பதிவு பெற்றிருக்கவேண்டும். நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் எந்தச் சோதனையும் அங்கே தொடங்கக் கூடாது.

கேள்வி: லாமினார் ஃப்ளோ மேடையிலேயே நோய்க்கிருமிகளைக் கையாளலாமா? எங்கள் ஆய்வகத்தில் அப்படித்தான் செய்கிறோம். (ஆய்வு மாணவர், சென்னை)

பதில்: கூடாது. உடனே நிறுத்துங்கள். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும் வடிகட்டி வழியாக வந்த தூய காற்று, அந்த மேடையில் உங்கள் மாதிரியைக் கடந்து உங்கள் முகத்தை நோக்கி வீசுகிறது. அதனால் பாதுகாக்கப்படுவது மாதிரிதான், நீங்கள் அல்லர். செடியின் திசு வளர்ப்புக்கு அது மிகப் பொருத்தமானது. நோய்க்கிருமிக்கு, காற்றை உள்ளே இழுத்து வடிகட்டி வெளியேற்றும் உயிர்ப்பாதுகாப்புப் பெட்டி வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால்தான் இந்தத் தவறு பல இடங்களில் நடக்கிறது. துறையில் அந்தப் பெட்டி இல்லையென்றால், உங்கள் நெறியாளரிடம் பணிவாகவும் உறுதியாகவும் சொல்லி, அது உள்ள இடத்தில் வேலை செய்ய அனுமதி கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கல்லூரியால் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வாங்க இயலாது. மாணவர்கள் அதைப் பார்க்காமலேயே பட்டம் பெற்றுவிடுகிறார்களே என்று வருந்துகிறேன். வழி உண்டா? (உதவிப் பேராசிரியர், திருவாரூர் மாவட்டம்)

பதில்: உண்டு. உயர்நிலைக் கருவிகளை வெளியாருக்கும் திறந்துவிடும் மையங்களை மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறை நாட்டின் பல பகுதிகளில் நடத்துகிறது. சென்னை ஐஐடி வளாகத்தில் உள்ளது அவற்றுள் ஒன்று. கட்டணம் செலுத்தி மாதிரியை அனுப்பலாம். எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்பதைத் தேடி முன்பதிவு செய்ய, 2020இல் தொடங்கப்பட்ட ஐ-ஸ்டெம் என்னும் தேசிய இணையவாயிலும் உங்களுக்கு உதவும்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். மாதிரியைத் தயாரிக்கும் வேலையில் பெரும்பகுதியை உங்கள் கல்லூரியிலேயே செய்யலாம், பாடமும் அங்கேதான் இருக்கிறது. ஓர் இலைத்துண்டை குளூட்டரால்டிஹைடில் நிலைப்படுத்தி, குறைந்த செறிவிலிருந்து முழுச் செறிவு வரை ஆல்கஹாலில் படிப்படியாக நீரிழக்கச் செய்து, சுருங்காமல் உலர்த்தினால் மட்டுமே, பின்னர் அதன்மேல் பொன் பூசிப் படம் எடுக்கும்போது இலைத்துளையின் விளிம்பு உள்ளது உள்ளபடி தெரியும். அவசரப்பட்டு உலர்த்தினால் திரையில் தெரிவது இலையல்ல, நமது அவசரம். தம் கையால் தயாரித்த மாதிரியின் படத்தைக் காணும் மாணவருக்கு, அதை யார் எடுத்தார்கள் என்பது பெரிய குறையாகத் தோன்றாது.

இத்துடன், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒளி நுண்ணோக்கிகளை அலட்சியம் செய்யாதீர்கள். ஏறத்தாழ 0.2 மைக்ரான் இடைவெளி வரை பிரித்துக் காட்டும் கருவி அது. பாக்டீரியாவுக்கும் பாசிக்கும் பூசணத்துக்கும் போதுமானது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தைக் கட்டியெழுப்பிய எம்.ஓ.பி. ஐயங்கார், ஈரமண்ணில் வளரும் ஃப்ரிட்சியெல்லா என்னும் பச்சைப்பாசியை 1932இல் உலகுக்கு அறிவித்தபோது அவருக்குத் துணையாக இருந்தது ஒளி நுண்ணோக்கியும் சலியாத கண்ணும்தான். நீர்ப்பாசிகள் நிலத்துக்கு எப்படி ஏறி வந்திருக்கலாம் என்று விவாதித்தவர்கள் நெடுங்காலம் அந்தப் பாசியை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். டெல்டாவின் ஈரக்காற்றில் வில்லைகளில் பூசணம் பிடிக்கும் என்பதை மட்டும் மறவாதீர்கள். சிலிக்கா ஜெல் வைத்த பெட்டியில் வில்லைகளைப் பாதுகாத்து, எண்ணெய் இட்டுப் பார்க்கும் 100 மடங்கு வில்லையை ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் துடைக்கவேண்டும்.

கேள்வி: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அண்ணாமலைநகர் வளாகத்தில் இல்லாமல் பரங்கிப்பேட்டையில் இருப்பது ஏன்? போக்குவரத்துச் செலவு வீணல்லவா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கடலூர்)

பதில்: அது வெள்ளாற்றின் கழிமுகக் கரையில் இருப்பதே அதன் மிகப்பெரிய வசதி. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆற்றில் மேலே போகப்போக அது குறைந்துகொண்டே வந்து நன்னீராகிறது. ஓதம் ஏறி இறங்குவதோடும், வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வருவதோடும் அந்த எல்லை முன்னும் பின்னும் நகர்கிறது. எந்த இறாலுக்கு எவ்வளவு உப்பு ஒத்துக்கொள்ளும், எந்த மிதவையுயிரி எந்த மாதத்தில் பெருகும் என்று ஆராய விரும்புபவருக்கு இப்படி ஓர் இடத்தைத் தொட்டிகளை அடுக்கி உருவாக்கிவிட முடியாது. வலையில் வந்த உயிர் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதற்குள் செத்துவிடும் என்பதும், புதிய கடல்நீர் நாள்தோறும் தேவை என்பதும் நடைமுறைக் காரணங்கள். மையத்தின் முதல் இயக்குநரான ஆர்.வி. சேஷையா போன்றவர்கள் இதை நன்கு உணர்ந்தே அந்த நிலையத்தை வளர்த்தார்கள். பிச்சாவரத்தின் சதுப்புநிலக் காடு அருகிலேயே இருப்பது இன்னொரு பேறு.

அந்த அருகாமையின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபின், பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் அக்கரையோரத்தில் 18 மீனவக் குடியிருப்புகளின் இழப்புகளை ஒப்பிட்டு, சதுப்புநிலக் காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என்று 2005இல் எழுதினார்கள். வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மீண்டும் கணக்கிட்டு, கடலிலிருந்து ஊர் இருந்த தொலைவும் நிலத்தின் உயரமுமே பெரும்பங்கு வகித்தன என்று மறுத்தார்கள். இந்த விவாதத்தை முதுகலை வகுப்பில் முழுவதுமாகப் படிக்க வைக்கவேண்டும் என்பது என் விருப்பம். கரையில் நின்று தரவு சேர்த்தவர்கள் இருந்ததால்தான் மறுப்பதற்கும் ஏதோ ஒன்று இருந்தது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. அங்கே எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் மதுரைக்கு அருகிலிருந்த ஒரு குகையையே ஆய்வகமாகக் கொண்டார்கள். பகலும் இரவும் தெரியாத குகையிருளில் கூண்டில் வைத்த வௌவால், தன் இனத்து வௌவால்கள் வெளியே பறந்துபோய்த் திரும்பும் நேரத்தோடு தன் உடற்கடிகாரத்தை ஒத்திசைத்துக்கொள்கிறது என்றும், துணையில்லாத குகையில் வைத்தால் அந்த ஒத்திசைவு விலகிப்போகிறது என்றும் கண்டறிந்து 1981இல் வெளியிட்டார்கள். மனிதரின் உடற்கடிகாரத்தை ஆராய, நேரம் தெரியாதபடி ஒருவர் பல நாள் தங்கியிருக்கும் தனியறையையும் அந்தப் பல்கலைக்கழகத்தில் அமைத்திருந்தார்கள். ஆகவே பேருந்துச் செலவை வீண் என்று எண்ணாதீர்கள், ஐயா. களப்பயணத்துக்கான தொகையை வெட்டும் துறைகளைக் கண்டுதான் நான் வருந்துகிறேன்.

கேள்வி: டிஎன்ஏவைக் கொண்டு செடியை அடையாளம் காணும் இந்தக் காலத்தில், காய்ந்த செடிகளை ஒட்டி அடுக்கி வைக்கும் ஹெர்பேரியம் எதற்கு? தேவையென்றால் எங்கள் பள்ளியிலும் ஒன்று தொடங்கலாமா? (பள்ளி ஆசிரியை, திருச்சி)

பதில்: டிஎன்ஏ வரிசையை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்விக்கு விடையே அந்தக் காய்ந்த செடிதான். பெயர் உறுதி செய்யப்பட்ட ஒரு மாதிரி எங்கேனும் பாதுகாப்பாக இருந்தால்தான் அந்த வரிசைக்கு ஒரு பெயரைச் சூட்ட முடியும். அதுமட்டுமன்றி, ஒரு தாளில் ஒட்டிய செடி அது எந்த ஊரில் எந்த நாளில் பூத்திருந்தது என்பதற்குச் சான்று. ஏரி தூர்ந்து கட்டடம் வந்தபின் அந்த இடத்தில் என்ன வளர்ந்தது என்று சொல்ல வேறு சாட்சி இருக்காது.

உங்கள் ஊரிலேயே, தூய வளனார் கல்லூரியில், 1967இல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. தமிழகத்தின் தாவரங்களைப் பற்றி அருட்தந்தை கே.எம். மேத்யூ எழுதிய பெருநூலுக்கு அடித்தளம் அங்கே சேர்ந்த மாதிரிகளே. மாணவிகளை அழைத்துப்போக அனுமதி கேட்டு எழுதுங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் போக நேர்ந்தால், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற பெயரிலேயே இன்றும் இருக்கும் தொகுப்பையும் பாருங்கள்.

பள்ளியில் தாராளமாகத் தொடங்கலாம். பூவோ காயோ உள்ள கிளையாக, மிகுதியாக வளர்ந்திருக்கும் செடிகளிலிருந்து மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். செய்தித்தாள் மடிப்புகளுக்கிடையே பரப்பி, இரண்டு பலகைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டி, முதல் வாரம் நாள்தோறும் தாளை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் செடி கறுத்துப் பூசணம் பிடிக்கும். நன்கு காய்ந்ததும் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் நீளமும் 28 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தடித்த தாளில் ஒட்டலாம். பழைய தொகுப்புகளில் பூச்சி அரிக்காமலிருக்கப் பாதரசக் குளோரைடு பூசுவது வழக்கமாக இருந்தது. அது கொடிய நஞ்சு என்பதால் பள்ளிக்கு வேண்டவே வேண்டாம். ஒட்டிய தாளைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடிச் சில நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தாலே பூச்சி மடியும். தாளின் வலது கீழ்மூலையில் அறிவியல் பெயர், ஊரார் சொல்லும் பெயர், எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர், வரிசை எண் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். அறிவியல் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவைக்கலாம், அதைப் பின்னால் யாரேனும் நிரப்பிவிடுவார்கள். இடமும் நாளும் மட்டும் எடுத்த அன்றே எழுதப்பட்டாக வேண்டும்.